“சினிமா எடுக்க வந்தீங்களா?”

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் தெற்கே போனால் சவுக்குத் தோப்புகள் மெல்ல விலகுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை நிலம் ஒரே மட்டமாகக் கிடக்கிறது. அதுவரை மூடியிருந்த பேருந்துச் சன்னலை யாராவது ஒருவர் திறக்கிறார். உப்புக் காற்று உள்ளே வருகிறது. மரக்காணம் வந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

விடிந்தும் விடியாத வேளையில் அங்கே இறங்கினார் ஒரு பயணி. சாலையை விட்டு வரப்பில் கால் வைத்ததும் வேறு உலகம். பாத்திக்குப் பக்கத்தில் பாத்தி, நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் ஒரு விரற்கடை ஆழத்துக்கு நீர். அதில் ஒரு துண்டு வானம். மூவாயிரம் ஏக்கருக்கு மேல் பரந்த அளம் இது. ஒரு காலத்தில் இங்கே விளைந்த உப்பு பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போயிற்று. அந்தக் கால்வாய் தெற்கே வந்து முடிகிற இடமே மரக்காணம்தான். இப்போது லாரிகள் வந்து நிற்கின்றன.

வெயில் ஏறுமுன் வாரிவிட வேண்டும் என்று பெண்கள் நாலைந்து பேர் பாத்திகளில் நின்றார்கள். நீண்ட கம்பின் நுனியில் குறுக்காகப் பொருத்திய பலகை; அதை எட்டிப் போட்டு, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, ஒரே சீராக இழுக்கிறார்கள். பாத்தியின் அடியில் படிந்த உப்பு சரசரவென்று ஓரத்துக்கு வருகிறது. பார்க்கச் சுலபமாக இருக்கிறது. ஆனால் பலகையைச் சற்று அழுத்திவிட்டால் அடிமண் பெயர்ந்து உப்போடு கலந்துவிடும்; அழுத்தாவிட்டால் பாதி உப்பு பாத்தியிலேயே தங்கிவிடும். அந்த அளவு கையில்தான் இருக்கிறது.

பயணி கேமராவை எடுத்தார். ஒரு பெண் பலகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். ஐம்பது வயது இருக்கலாம். சேலைக்கு மேல் ஆண்கள் அணியும் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு.

“சினிமா எடுக்க வந்தீங்களா தம்பி?”

“இல்லம்மா. சும்மா பார்க்கத்தான் வந்தேன்.”

“வர்றவங்க எல்லாம் வெள்ளையா குவிச்சு வெச்சிருக்கறத எடுத்துக்கிட்டுப் போயிடறாங்க. நாங்க மிதிக்கிறப்ப ஒருத்தரும் வர்றதில்ல.”

மிதிப்பது என்றால் என்ன என்று அவரே சொன்னார். மழை முடிந்து, தை பிறந்ததும், கரைந்துபோன வரப்புகளைக் கட்டிப் பாத்திகளைச் செப்பனிடுவார்கள். சேற்றில் இறங்கிக் காலால் மிதித்து மிதித்து அடிமண்ணைச் சிமெண்டுத் தரைபோல இறுக்க வேண்டும். இறுகாத பாத்தியில் நீர் நிற்காது. உப்பங்கழியிலிருந்தும் கிணற்றிலிருந்தும் ஏற்றிய நீரைப் பாத்தி மாற்றிப் பாத்தி நகர்த்தி வெயிலில் வாட்டுவார்கள். போமே மானியில் கடல் நீரின் அடர்த்தி மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். அது 25 டிகிரியை எட்டும்போது உப்பு பூக்கத் தொடங்கும். 30 டிகிரிவரை விட்டுவைத்தால் மக்னீசியம் சேர்ந்து கசக்கும். அதற்குள் வாரி எடுத்து, மிஞ்சிய நீரை வெளியே விட வேண்டும். அந்த அம்மா டிகிரி எதுவும் சொல்லவில்லை. நீரின் நிறத்தையும், கையில் தொட்டால் வரும் பிசுபிசுப்பையும் சொன்னார். இரண்டு கணக்கும் ஒன்றுதான்.

அவர் சொன்ன குறை பயணியை விடவில்லை. வெள்ளைக் குவியலை எடுப்பவர்கள், மிதிப்பதை எடுக்காதவர்கள். ஒரு நாட்டைப் பற்றி வெளியிலிருந்து வந்து படம் எடுப்பவர்களைக் குறித்து இந்தியாவில் எண்பது தொண்ணூறு ஆண்டுகளாக நடந்துவரும் வாக்குவாதம் முழுவதும் அந்த இரண்டு வரியில் அடங்கியிருந்தது. நம்மைப் பற்றி அந்நியர் எடுத்த படம் வந்தால் நாம் முதலில் கேட்பது, அதில் நம் ஏழ்மை தெரிகிறதா, நம் மானம் போகிறதா என்பதைத்தான். அளத்தில் நிற்கும் பெண் கேட்பது வேறு: எத்தனை நாள் நின்றீர்கள், எந்த வேலையைப் பார்த்தீர்கள்?

மிதிப்பதையும் பார்த்த ஒரு படம் இருக்கிறது. அது மரக்காணத்தில் எடுத்ததல்ல. குஜராத்தின் சின்ன கட்ச் ரண் பாலையில் எடுத்தது. பெயர் ‘மை நேம் இஸ் சால்ட்’. 2013-இல் ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அறிமுக இயக்குநருக்கான பரிசைப் பெற்றது. ஒரு குடும்பம் எட்டு மாதம் பாலையில் தங்கி உப்பு விளைவிப்பதைத் தவிர அந்தப் படத்தில் வேறு கதை இல்லை. வந்து சேர்ந்ததும், சென்ற ஆண்டு புதைத்துவிட்டுப் போன பம்பு எந்திரத்தைச் சேற்றிலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். பாத்தி கட்டுகிறார்கள். மிதிக்கிறார்கள். மிதிப்பதும் ஒரு நடனம்போல, ஒருவர் காலடிக்கு அருகே மற்றவர் காலடி. கடைசியில் மழை வந்து எல்லாவற்றையும் கரைத்துவிடுகிறது. அடுத்த ஆண்டு மறுபடி முதலிலிருந்து.

இது அயல்நாட்டுப் படமா, நம் படமா? இயக்குநர் ஃபரிதா பாச்சா மும்பைக்காரர், சுவிட்சர்லாந்தில் வாழ்பவர். ஒளிப்பதிவாளர் லுட்ஸ் கோனர்மான் ஐரோப்பியர். படம் சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு. பாஸ்போர்ட்டை வைத்துப் படத்தைத் தரம் பிரித்தால் இதை எந்தப் பெட்டியில் போடுவது? எட்டு மாத வேலையை எட்டு மாதமும் பார்த்த பொறுமையே அந்தப் படத்தை நம்முடையதாக்குகிறது என்பது இந்தப் பயணியின் முடிவு.

இந்திய உப்பை உலகுக்குக் காட்டிய படம் என்றால் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய இன்னொன்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ரிச்சர்டு அட்டன்பரோவின் ‘காந்தி’. அந்தப் படத்தின் விதை ஓர் இந்தியர் போட்டது என்பது பலருக்குத் தெரியாது. லண்டனில் இந்தியத் தூதரகத்தில் பணியாற்றிய மோதிலால் கோத்தாரி 1962-இல் அட்டன்பரோவை அணுகி, காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும்படி கேட்டுக்கொண்டார். நேருவைச் சந்தித்து ஆதரவு பெற்றார் அட்டன்பரோ. காந்தியைத் தெய்வமாக்கிவிட வேண்டாம் என்று நேரு அவரை எச்சரித்தார். 1964-இல் நேரு மறைந்தார். 1970-இல் கோத்தாரியும் போய்விட்டார். படப்பிடிப்பு தொடங்கியது 1980 நவம்பரில். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் கணிசமான பங்கு முதலீடு செய்தது. உடனே எதிர்ப்பு எழுந்தது: நம் தேசத் தந்தையின் கதையைச் சொல்ல நம்மில் ஆள் இல்லையா, நம் வரிப்பணத்தை வெள்ளைக்காரருக்கா கொடுப்பது?

கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. சத்யஜித் ராயும் மிருணாள் சென்னும் அப்போது உச்சத்தில் இருந்தார்கள். ஆனால் விளைவையும் சொல்ல வேண்டும். படம் 8 ஆஸ்கர் விருதுகளைப் பெற்றது. அதில் ஒன்று ஆடை வடிவமைப்புக்காகப் பானு அதையாவுக்குக் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் இந்தியர் அவர். படத்தின் லாபத்திலிருந்து கழகத்துக்குக் கிடைத்த பங்கைக் கொண்டு நலிந்த திரைக் கலைஞர்களுக்கான நல நிதி ஒன்று ஏற்பட்டது.

குறையும் உண்டு, அது ஏழ்மையைக் காட்டிய குறை அல்ல. 1930 மே 21-இல் தாராசனா உப்பளத்தின் முன்னால் வரிசை வரிசையாகச் சென்று தடியடி வாங்கிய தொண்டர்களுக்குத் தலைமை தாங்கியவர் சரோஜினி நாயுடு. படத்தில் அந்த இடத்தில் நின்று பேசுபவர் மௌலானா ஆசாத். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் அந்தக் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் விட்டார்கள். ஒரு பெண் நின்ற இடத்தில் ஓர் ஆணை நிறுத்தியது அவர்களுக்குத் தெரியாது. இதற்குத்தான் நமக்குக் கோபம் வந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, தமிழர்களுக்கு வலிக்க வேண்டியது. அந்தப் படத்தில் வேதாரண்யம் இல்லை. 1930 ஏப்ரல் 13-ஆம் நாள் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் ஏறத்தாழ நூறு பேர் புறப்பட்டு, 150 மைல் நடந்து, மாதக் கடைசியில் வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார்கள். தொண்டர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு மறைந்துகொண்டார்கள். கொடுத்தவர் யார் என்று எந்தப் போலீசுக்காரராலும் சொல்ல முடியவில்லை. அந்த மரமும் அந்தப் பொட்டலமும் ஒரு படத்துக்குப் போதாதா? அதை அட்டன்பரோ எடுக்கவில்லை என்று குறைப்படுவதைவிட, வேதாரண்யத்துக்கு அந்த அளவு உயரத்தில் ஒரு படத்தை நாம் கொடுக்கவில்லையே என்றுதான் இந்தப் பயணிக்கு மனம் நொந்தது.

பத்து மணிக்கு மேல் அளத்தில் நிற்க முடியவில்லை. கீழிருந்து உப்பு கண்ணை அடிக்கிறது. ஊருக்குள் நடந்து பூமீஸ்வரர் கோயிலுக்குப் போனார். சோழர் காலக் கற்றளி; சுவர் நெடுகக் கல்வெட்டுகள். வெளியில் வெயில் கொளுத்தும்போது உள்ளே கல்தரை குளிர்ந்து கிடக்கிறது. உட்கார்ந்து யோசிக்க ஏற்ற இடம்.

மரக்காணத்தைப் பற்றிய மிகப் பழைய இரண்டு சாட்சிகளில் ஒன்று நம்முடையது, மற்றொன்று அயலாருடையது. முதலாவது, பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை. ஓய்மானாட்டை ஆண்ட நல்லியக்கோடனைத் தேடிப் போகும் பாணனுக்கு வழி சொல்லும் அந்த நூலில் எயிற்பட்டினம் என்ற கடற்கரை ஊர் வருகிறது. பாடியவர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். சென்னையிலிருந்து வரும்போது மரக்காணத்துக்குச் சற்று முன்னால் பேருந்து இடைக்கழிநாட்டைக் கடந்துதான் வருகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளை நெருங்கியும் அந்தப் பெயர் இன்னும் ஊர்ப் பலகையில் நிற்கிறது. இரண்டாவது சாட்சி, முதலாம் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் பெயர் தெரியாத ஒருவர் எழுதிய ‘எரித்ரேயக் கடல் பெரிப்ளுஸ்’. அதில் இந்தக் கடற்கரைத் துறைமுகங்களாகக் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று பெயர்கள் வருகின்றன. பொதுகே என்பது புதுச்சேரிக்கு அருகேயுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா என்பது சோபட்டினம், அதாவது சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினமான இந்த மரக்காணம் என்றும் ஆய்வாளர் பலர் கொள்கிறார்கள்.

கிரேக்கர் எழுதியது ஒரு வியாபாரியின் குறிப்பு. எந்தத் துறையில் என்ன சரக்கு என்பதே அவர் கவலை. நத்தத்தனார் எழுதியதில் நெய்தல் நிலத்துத் தாழையும் பரதவர் விருந்தும் இருக்கின்றன. இரண்டும் இருந்ததால்தான் ஊரை அடையாளம் காண முடிந்தது. நத்தத்தனார் பாடாமல் போயிருந்தால் இந்த ஊர் ஓர் அயல்நாட்டு வியாபாரியின் கணக்கில் வெறும் பெயராக மட்டும் நின்றிருக்கும். படங்களுக்கும் இதே கணக்குதான் என்று பயணிக்குத் தோன்றியது.

மதியம் புதுச்சேரிப் பேருந்து. ஒரு பக்கம் கழுவெளி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர்ப் பரப்பு. 2021-இல் தமிழ்நாடு அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. இந்த வழியாகத்தான் எத்தனை கேமராக்கள் போயிருக்கின்றன!

1968-இல் லூயி மால் வந்தார். பிரெஞ்சு இயக்குநர், கையில் 16 மில்லிமீட்டர் கேமரா, உடன் ஒளிப்பதிவாளர் எத்தியேன் பெக்கர், ஒலிப்பதிவாளர் ஜான்-க்ளோத் லோரோ. ஜனவரி தொடங்கி நான்கு மாதத்துக்கு மேல் இந்தியாவைச் சுற்றினார்கள். பிறந்தது ‘மாய இந்தியா’ என்று பொருள்படும் ஏழு பகுதித் தொடர். அதன் இரண்டாம் பகுதி சென்னை: மயிலைக் கபாலீசுவரர் தேரோட்டம், கலாக்ஷேத்திரா, சினிமா ஸ்டூடியோ. பின்னொரு பகுதியில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமம் வருகிறது. 1970-இல் பி.பி.சி. இதை ஒளிபரப்பியதும் டெல்லி கொதித்தது. வறுமையைத்தான் காட்டுகிறார்கள், நாட்டை இழிவுபடுத்துகிறார்கள் என்று அரசு கண்டித்து, ஒளிபரப்பை நிறுத்தக் கேட்டது, பி.பி.சி. மறுத்ததால் அதன் டெல்லி அலுவலகம் மூடப்பட்டது.

அந்தத் தொடரில் மால் சொல்லும் முடிவுகளில் பிழை உண்டு, அவசரம் உண்டு. ஆனால் முதல் பகுதியிலேயே அவர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். தான் பார்ப்பதுபோலவே தன்னையும் இந்த மக்கள் உற்றுப் பார்க்கிறார்கள் என்பதை அவர் வெட்டி எறியவில்லை. கேமராவை நேரே நோக்கும் முகங்களை அப்படியே விட்டுவைத்தார். மரக்காணத்துப் பாத்தியில் நிமிர்ந்து நின்ற அந்த அம்மாவின் பார்வையும் அதே பார்வைதான். இன்று 1968-இன் மயிலாப்பூரை வண்ணத்தில் பார்க்க விரும்புகிற சென்னைக்காரருக்கு, அன்று நாம் கண்டித்த அந்தப் படம்தான் புகலிடம். தேர்வடம் இழுக்கும் அந்தக் கைகளில் யாரோ ஒருவருடைய தாத்தாவின் கை இருக்கிறது.

எல்லாக் கோபமும் வீண் என்று சொல்ல வரவில்லை. 1938-இல் பிரிட்டிஷ் படமான ‘தி டிரம்’ பம்பாயில் திரையிடப்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கினார்கள். எல்லைப்புற முஸ்லிம்களைத் துரோகிகளாகவும் வெள்ளையரை ரட்சகர்களாகவும் காட்டிய ஆட்சிப் பிரசாரம் அது. மறு ஆண்டு வந்த ‘குங்கா தின்’ படத்தை வங்காளத்திலும் பம்பாயிலும் தடை செய்தார்கள். அடிமைப்பட்ட ஒரு நாட்டுக்கு அந்தக் கோபம் தேவைப்பட்டது, அது சரியானது. 1984-இல் வந்த ‘இண்டியானா ஜோன்ஸ்’ படத்துக்கு இந்தியா திரைக்கதையில் மாற்றம் கேட்டபோது, படக்குழு இலங்கைக் கண்டிக்குப் போய்விட்டது. இந்திய கிராமத்தார் என்று திரையில் வருபவர்கள் சிங்களம் பேசுகிறார்கள். விருந்தில் குரங்கு மூளை பரிமாறுகிறார்கள். இப்படிப்பட்ட படத்தைப் பொய் என்று முகத்துக்கு நேரே சொல்லலாம், சொல்ல வேண்டும்.

ஆனால் 1980-இல் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நடிகை நர்கிஸ், இந்திய வறுமையை வெளிநாட்டில் விற்கிறார் என்று குற்றம் சாட்டியது சத்யஜித் ராயை. ராய் அந்நியர் அல்லர். அங்கேதான் புரிகிறது, உறுத்துவது கேமராக்காரரின் நாடு அல்ல, கேமராவுக்குத் தெரிகிற காட்சி என்று. காட்சி உறுத்தினால் காட்சியை மாற்ற வேண்டும்.

புதுச்சேரியில் இறங்கினால் ‘லைஃப் ஆஃப் பை’ நினைவுக்கு வராமல் போகாது. ஆங் லீ 2011 தொடக்கத்தில் இங்கே படம்பிடித்தார். தாவரவியல் பூங்கா விலங்குக் காட்சிச் சாலையாக மாறியது. படத்தின் பெருங்கடல் மட்டும் நம் வங்கக் கடல் அல்ல. தைவானில் கைவிடப்பட்ட ஒரு விமான நிலையத்தில் தொட்டி கட்டி எழுப்பிய அலை அது. 4 ஆஸ்கர்கள் வந்தன. பம்பாய் ஜெயஸ்ரீ தமிழில் பாடிய தாலாட்டு ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. அந்தச் செய்தி வந்த நாளில் தமிழ் வீடுகளில் இருந்த பூரிப்பு உண்மையானது. ஒரு தைவான் இயக்குநரின் ஹாலிவுட் படத்தில், கனடிய எழுத்தாளரின் கதையில், தமிழ்த் தாலாட்டு. இதில் யாருக்கு என்ன குறைந்துவிட்டது?

அயலார் நமக்காகவே எடுத்த படங்களும் இருக்கின்றன என்பதை மறந்துவிடுகிறோம். அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் பேசத் தெரியாமலே 1936-இல் ‘சதி லீலாவதி’யை இயக்கினார்; எம்.ஜி.ஆர். திரையில் முதலில் தோன்றிய படம் அது. 1945-இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் ‘மீரா’ அவர் கையில்தான் உருவாயிற்று. 1950-இல் அவருடைய ‘பொன்முடி’யின் காதல் காட்சிகள் தமிழ்ப் பண்பாட்டுக்கு ஒவ்வாதவை என்று கண்டனம் எழுந்தது. இன்று ‘மீரா’வை யாரும் அமெரிக்கப் படம் என்று சொல்வதில்லை.

மாலையில் திரும்பும் பேருந்தில் பயணி பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். ஏ.கே. செட்டியாரின் ‘அண்ணல் அடிச்சுவட்டில்’. ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்தது. தமிழில் பயணக் கட்டுரை என்ற வடிவத்துக்கு முகவரி கொடுத்தவர் செட்டியார். செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர். டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தவர். 1937 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாள். நியூயார்க்கிலிருந்து அயர்லாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தபோது, காந்தியைப் பற்றி ஒரு முழு ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு வந்தது. அப்போது வயது 26 கூட நிறையவில்லை.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் பெரிய முதலாளியும் இல்லை, அரசும் இல்லை. ஆட்சி வெள்ளையருடையது, காந்தியின் படத்தைத் திரையிடுவதே ஆபத்து. செட்டியார் சளைக்கவில்லை. யார் யார் எங்கெங்கே காந்தியைப் படம் பிடித்தார்களோ அவர்களையெல்லாம் தேடிப் போனார். தென்னாப்பிரிக்கா, ஐரோப்பா, அமெரிக்கா என்று கண்டம் கண்டமாக அலைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் பயணம். நூற்றுக்கும் மேற்பட்ட ஒளிப்பதிவாளர்கள் முப்பது ஆண்டுகளில் எடுத்த சுருள்களிலிருந்து 50,000 அடி படம் திரட்டினார். உலகப் போர் மூண்டுவிட்ட நாட்களில் அதைச் சுருக்கித் தொகுத்து, தமிழ் விளக்கவுரை சேர்த்து, 1940 ஆகஸ்டில் வெளியிட்டார். பிறகு தெலுங்கிலும் வந்தது. அரசு பறிமுதல் செய்துவிடுமோ என்ற பயத்தில் சுருள்களை மறைத்து வைக்க நேர்ந்தது.

இதை இன்னொரு முறை சொல்ல வேண்டும். அட்டன்பரோவுக்கு 42 ஆண்டுகளுக்கு முன்னால், காந்தி உயிரோடு இருக்கும்போதே, அவரைப் பற்றிய முழுநீள ஆவணப்படத்தை எடுத்தவர் ஒரு தமிழர். அதன் முதல் மொழி தமிழ். அதில் பயன்பட்ட சுருள்களில் பெரும்பகுதி அயலார் எடுத்தவை. அவற்றைக் கோத்த கண் நம்முடையது. எரித்ரேயக் கடலின் வியாபாரியும் இடைக்கழிநாட்டு நத்தத்தனாரும் ஒரே படத்தில் சேர்ந்ததுபோல. தேசப் பெருமை என்றால் இந்தப் பயணிக்கு இதுதான்: மறுப்பு அறிக்கை விடுவதில் அல்ல, ஒரு லட்சம் மைல் அலைவதில் இருக்கிற பெருமை.

சுதந்திரத்துக்குப் பின் அது இந்தியிலும் வந்தது. 1953-இல் செட்டியார் அமெரிக்கா போய் ஹாலிவுட்டில் ஆங்கில வடிவம் ஒன்றை உருவாக்கினார். பிறகு தன் ‘குமரி மலர்’ பத்திரிகைக்குத் திரும்பி, பழைய தமிழ் எழுத்துகளைத் தேடித் தேடி அச்சிட்டுக்கொண்டே 1983-இல் மறைந்தார். அட்டன்பரோவின் ‘காந்தி’ ஆஸ்கர் வாங்கிய அதே ஆண்டு.

அவருடைய தமிழ்ப் படம் நம்மிடம் இல்லை. ஆங்கில வடிவத்தின் பிரதி கிடைத்தது அமெரிக்காவில். அதைத் தேடிக் கண்டெடுத்ததும் வேங்கடாசலபதிதான். அயலார் படங்களைப் பற்றி இத்தனை ஆண்டு வாதாடிய நாம், நம்மவர் எடுத்த படத்தைப் பெட்டியில் வைத்துக் காக்கவில்லை.

பேருந்து மறுபடி மரக்காணத்தைக் கடந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. காலையில் வாரிய உப்பு அம்பாரமாகக் குவிந்து கிடந்தது; சிலவற்றின்மேல் பனையோலை வேய்ந்திருந்தார்கள். கடற்கரை ஈரம் எதையும் விட்டுவைக்காது. உப்பையே கரைக்கும்; படச்சுருளை என்ன பாடுபடுத்தும்?

ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1940-இல் அந்தப் படம் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஓடியது. கோட்டையூர், காரைக்குடி வட்டாரத்துப் பழைய வீடுகளின் பரணில், மூடிப்போன டாக்கீஸ்களின் பின்னறையில், பழைய இரும்புக் கடையில், துருப்பிடித்த வட்டத் தகர டப்பா ஏதாவது கண்ணில் பட்டால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்தக் காலச் சுருள் நைட்ரேட்டாக இருக்கலாம், எளிதில் தீப்பற்றும். ஆகையால் விளக்கருகே வைத்துத் திறக்காமல், வெயில் படாத இடத்தில் அப்படியே வைத்துவிட்டு, புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.